ஓடும் மீனைத் தட்டினால் போனில் ஏன் சிக்கவில்லை? மொபைல் கேமில் நகரும் பொருளும் டச் கண்டறிதலும்

கேள்வி சுருக்கமாக இது. தண்டையார்பேட்டையில் இரண்டு நண்பர்கள் யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் என்ஜினில் ஒரு 2டி கேம் செய்கிறார்கள். களம் காசிமேடு துறைமுகம். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி எல்லாம் திரையின் குறுக்கே நீந்திப் போகும், தட்டினால் கூடையில் விழ வேண்டும். கம்ப்யூட்டரில் மவுஸை வைத்து விளையாடினால் ஒன்றும் தப்புவதில்லை. போனில் போட்டால் பத்துத் தட்டில் மூன்று நான்கு வீணாகிறது. வேகத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். நெத்திலி அநேகமாகச் சிக்குவதே இல்லை. கொலைடரை, அதாவது மீனைச் சுற்றிய கண்ணுக்குத் தெரியாத தொடு எல்லையை, பெரிதாக்கினால் பக்கத்து மீன் சிக்கிவிடுகிறது.

இதற்கு ஒற்றைக் காரணம் தேடினால் நாள்தான் போகும். நகரும் பொருளுக்கு ஒரே நேரத்தில் மூன்று இடங்கள் இருக்கின்றன. திரையில் வரையப்பட்ட இடம் ஒன்று. ஃபிசிக்ஸ் என்ஜின் (அசைவையும் மோதலையும் கணக்கிடும் பகுதி) கணக்கில் கொலைடர் நிற்கும் இடம் ஒன்று. விளையாடுகிறவரின் கண் பார்த்து, விரல் குறிவைத்த இடம் ஒன்று. நிற்கும் பொருளுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான், அதனால் பட்டனில் பிரச்சினை தெரியாது. பொருள் ஓட ஆரம்பித்ததும் மூன்றும் பிரிகின்றன, வேகம் கூடக் கூடப் பிரிவும் கூடுகிறது. உங்கள் கேமில் எந்த இரண்டுக்கு நடுவே பிளவு விழுகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு கோடில் (நிரலில்) கை வைக்கலாம்.

பார்ப்பதற்கு ஒரு சின்ன வேலை போதும். டச் தொடங்கிய அந்தக் கணத்தில், வேறு எந்தச் சோதனையும் செய்வதற்கு முன்னால், விரல் பட்ட புள்ளியில் ஒரு சிவப்பு வட்டத்தை அரை விநாடி காட்டுங்கள். கொலைடரின் விளிம்பையும் கோடாக வரையுங்கள். யூனிட்டி எடிட்டரில் தெரியும் கிஸ்மோ என்ற உதவிக் கோடுகள் போன் பில்டில் (போனில் ஏற்றும் கேமில்) வராது, அதனால் கோடு வரையும் லைன் ரெண்டரர் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு போனில் திரையைப் பதிவு செய்துகொண்டு ஐம்பது தட்டுத் தட்டிவிட்டு, வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘ஷோ டேப்ஸ்’, ‘பாயிண்டர் லொகேஷன்’ இரண்டையும் போட்டால் சிஸ்டம் உணர்ந்த தொடுதல் தனியாகத் தெரியும். சிஸ்டத்தின் புள்ளி தெரிந்து உங்கள் சிவப்பு வட்டம் வரவில்லை என்றால், டச் நிகழ்வே உங்கள் கோடுக்குள் தொலைகிறது. வட்டம் வந்தும் மீன் சிக்கவில்லை என்றால், இடக் கணக்கில் கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு. பலர் இந்த வித்தியாசம் பார்க்காமல் நேரே கொலைடரை ஊதிப் பெரிதாக்குகிறார்கள், அங்கேதான் பக்கத்து மீன் சிக்கும் தொல்லை தொடங்குகிறது.

நிகழ்வு தொலையும் இடங்கள்

முதல் சந்தேகம் ஃபிக்ஸ்டு அப்டேட் மீது, அதாவது ஃபிசிக்ஸ் கணக்குக்காகச் சீரான இடைவெளியில் ஓடும் நிரல் பகுதி மீது. டச்சின் ‘பிகன்’ (தொடங்கியது) நிலை ஒரே ஒரு ஃபிரேம்தான் இருக்கும். ஃபிக்ஸ்டு அப்டேட் இயல்பாக 0.02 விநாடிக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்கு 50 முறை ஓடும். கேம் 60 ஃபிரேமில் ஓடினால், விநாடிக்குப் பத்து ஃபிரேமில் ஃபிக்ஸ்டு அப்டேட் ஓடவே ஓடாது. அந்த ஃபிரேமில் விழுந்த தட்டு காற்றில் போனது. 30 ஃபிரேமில் ஓடினால் நேர் எதிர்: பல ஃபிரேமில் அது இரண்டு முறை ஓடி, ஒரே தட்டு இரண்டாகக் கணக்காகும். மீன் நகர்வது ஃபிக்ஸ்டு அப்டேட்டில் இருக்கலாம், டச்சைப் படிப்பது ஃபிரேமுக்கு ஒரு முறை ஓடும் அப்டேட்டில்தான் இருக்க வேண்டும். 0.1 விநாடிக்கு ஒரு முறை விழிக்கும் கோரூட்டினுக்குள் (இடைவெளி விட்டு ஓடும் நிரல் பகுதிக்குள்) டச்சைப் படிப்பதும் இதே தவறுதான்.

அடுத்தது, இந்த மாதிரிக் கேமில் மிக அதிகமாகக் காணப்படுவது: கிளிக் (விரல் இறங்கி எழுவது) என்பதையும் டவுன் (விரல் இறங்குவது) என்பதையும் ஒன்றாக நினைப்பது. யூனிட்டியின் ‘பாயிண்டர் கிளிக்’, ‘ஆன் மவுஸ் அப் ஆஸ் பட்டன்’ இரண்டும், விரல் எந்தப் பொருள்மீது இறங்கியதோ அதே பொருள்மீதே எழுந்தால்தான் அழைக்கப்படும். ஒரு சாதாரணத் தட்டில் விரல் திரையில் நூறு மில்லிவிநாடி அளவுக்கு இருக்கும். அதற்குள் மீன் விரலுக்கு அடியிலிருந்து நழுவிவிடுகிறது. விரல் எழும்போது அடியில் வெறும் தண்ணீர், கிளிக் கிடையாது. பெரிய வஞ்சிரம் சிக்கி, சின்ன நெத்திலி தப்புவதற்கு இதுவே போதும். ‘பாயிண்டர் டவுன்’ அல்லது ‘பிகன்’ நிலைக்கு மாறுங்கள். ஓடும் பொருளுக்கு எப்போதும் விரல் இறங்கிய கணம்தான் கணக்கு.

மூன்றாவது, பூஜ்யமாவது டச்சை மட்டும் பார்ப்பது. போனைப் படுக்கவாட்டில் பிடித்தால் இடது கட்டைவிரலோ உள்ளங்கையின் சதையோ திரையின் ஓரத்தில் படும். அதுவே பூஜ்யமாவது டச் ஆகிவிடும். பிறகு வலது கை எத்தனை தட்டுத் தட்டினாலும் அது ஒன்றாவது, இரண்டாவது. டச் எண்ணிக்கை முழுவதையும் சுற்றிவந்து, ‘பிகன்’ நிலையில் உள்ள ஒவ்வொன்றையும் சோதியுங்கள். ஒரு விரலைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டுமானால் வரிசை எண்ணை நம்பாமல் ஒவ்வொரு விரலுக்கும் தரப்படும் ஃபிங்கர் ஐடியை நம்புங்கள். ஒரு விரல் எழுந்ததும் வரிசை எண் மாறிவிடும், ஐடி மாறாது. ஆண்ட்ராய்டில் நேரடியாகக் கோட்லின் மொழியில் எழுதுகிறவர்களுக்கும் இதே குழி உண்டு: இரண்டாவது விரல் ‘ஆக்‌ஷன் டவுன்’ என்று வராது, ‘ஆக்‌ஷன் பாயிண்டர் டவுன்’ என்று வரும்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத கேன்வாஸ், அதாவது ஸ்கோர், பட்டன் போன்றவை உட்காரும் மேல்தளம். ஸ்கோர் காட்டும் பேனல் முழுத்திரைக்கு விரிந்து, நிறம் முழு ஒளிபுகும்படி இருந்தாலும், ‘ரேகாஸ்ட் டார்கெட்’ (தட்டை வாங்கும் பொருள்) டிக் இருந்தால், தட்டுகளைப் பங்கிடும் ஈவென்ட் சிஸ்டம் வழியாக வரும் தட்டை அது வாங்கிக்கொள்ளும். திரையின் ஒரே பகுதியில் மட்டும் மீன் சிக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். பட்டன் அல்லாத எல்லாப் படத்திலும் எழுத்திலும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். விரல் பேனல்மீது இருக்கிறதா என்று பார்க்கும் ‘பாயிண்டர் ஓவர் கேம் ஆப்ஜெக்ட்’ சோதனையை அடைப்புக்குறிக்குள் எதுவும் தராமல் அழைத்தால் அது மவுஸைத்தான் பார்க்கும், போனில் ஃபிங்கர் ஐடியைத் தர வேண்டும். கோடாட் என்ற இன்னொரு கேம் என்ஜினில் ரேகாஸ்ட் டார்கெட் டிக்கின் இணை, கன்ட்ரோல் நோடின் மவுஸ் ஃபில்டர் ‘ஸ்டாப்’ என்று இருப்பது.

ஓரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் மீன் திரையின் ஓரத்திலிருந்துதான் நுழைகிறது. ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த சைகை நேவிகேஷனில் இடது, வலது ஓரங்கள் ‘பேக்’ சைகைக்கு உரியவை. அங்கே தொடங்கிய தொடுதலை சிஸ்டம் தனதாக்கிக்கொண்டால் உங்களுக்கு ‘கேன்சல்டு’ (தொடுதல் ரத்து) வரும். மீன் ஒரு விரல் அகலம் உள்ளே வந்த பிறகு தட்டக்கூடியதாக வைத்தால் இந்த வம்பே இல்லை.

படம் ஒரு இடம், கொலைடர் ஒரு இடம்

சிவப்பு வட்டம் வருகிறது, மீனின் படத்துக்கு மேலேயே விழுகிறது, ஆனாலும் சிக்கவில்லை என்றால் கொலைடரின் விளிம்புக் கோட்டைப் பாருங்கள்.

வலமிருந்து இடம் போகும் மீன் மட்டும் தப்புகிறதா? மீனின் படத்தை (ஸ்பிரைட்) வரையும் ஸ்பிரைட் ரெண்டரரின் ‘ஃபிளிப் எக்ஸ்’ படத்தை மட்டும் திருப்பும், கொலைடரைத் திருப்பாது. வாலைத் தவிர்த்துத் தலைப்பக்கம் மட்டும் கொலைடர் போட்டிருந்தால், திரும்பிய மீனில் அது வால்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். கொலைடரின் ஆஃப்செட்டையும் (நடுவிலிருந்து தள்ளிய அளவையும்) கோடில் எதிர்க்குறியாக்குங்கள், அல்லது நடுவில் சமச்சீரான வட்டமாகவோ கேப்ஸ்யூலாகவோ மாற்றிவிடுங்கள்.

அலையில் ஆடுவது போல அனிமேஷன் செய்திருக்கிறீர்களா? அனிமேஷன் உள்ளே அடங்கிய சைல்டு ஸ்பிரைட்டில், கொலைடர் அதைத் தாங்கும் பேரண்ட்டில் என்றால் படம் மட்டும் ஏறி இறங்கும். படத்தை வரையும்போதே வடிவை மாற்றும் ஷேடரில் வளைத்திருந்தாலும் அப்படியே. கொலைடருக்கு ஷேடர் செய்வது எதுவும் தெரியாது.

ரிஜிட்பாடி (பொருளை ஃபிசிக்ஸ் என்ஜினிடம் ஒப்படைக்கும் கூறு) இல்லாமல், அப்டேட்டில் டிரான்ஸ்ஃபார்மை (பொருளின் இடக் குறிப்பை) மாற்றி மீனை நகர்த்துகிறீர்கள் என்றால் இன்னொரு பிளவு. ‘ஆட்டோ சிங்க் டிரான்ஸ்ஃபார்ம்ஸ்’ அணைந்திருக்கும்போது, நீங்கள் மாற்றிய இடம் அடுத்த ஃபிசிக்ஸ் படியில்தான் கொலைடருக்குப் போய்ச் சேரும். அதற்குள் ஓவர்லேப் (இந்தப் புள்ளியில் எந்தக் கொலைடர் இருக்கிறது என்ற கேள்வி) கேட்டால் பழைய இடத்துக்குத்தான் பதில். சோதனைக்கு முன் ‘சிங்க் டிரான்ஸ்ஃபார்ம்ஸ்’ ஒரு முறை அழைத்தால் தீரும். முறையான வழி, விசையால் அல்லாமல் நிரலால் நகரும் கைனமேட்டிக் ரிஜிட்பாடி போட்டு ‘மூவ் பொசிஷன்’ மூலம் நகர்த்துவது. அங்கேயும் இன்டர்போலேஷன் (இரண்டு ஃபிசிக்ஸ் படிகளுக்கு இடையே அசைவை நிரப்புவது) போட்டால் வரையப்படும் படம் ஃபிசிக்ஸ் இடத்துக்கு அதிகபட்சம் ஒரு படி, அதாவது 0.02 விநாடி, பின்னால் வரும். விநாடிக்கு 6 யூனிட் (கேம் உலகின் நீள அளவு) ஓடும் மீனுக்கு அது 0.12 யூனிட். சின்னதுதான், ஆனால் கீழே வரப்போகும் பெரிய கணக்கோடு சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று: 2டி கொலைடரை 3டி ஃபிசிக்ஸ் ரேகாஸ்ட் (கதிர் எறிந்து தேடும் சோதனை) ஒருபோதும் காணாது. ஒன்றுமே சிக்காதவர்கள் இதைப் பார்க்கவும். உங்களுக்குப் பாதிக்கு மேல் சிக்குவதால் இது இல்லை.

கண் பார்த்த இடம்: பிரச்சினையின் பெரும்பகுதி இங்கே

உங்கள் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தாலும் நெத்திலி தப்பும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

6.5 அங்குலத் திரை, 1600 × 720 பிக்சல், ஏறத்தாழ 270 டிபிஐ (அங்குலத்துக்கு 270 பிக்சல்) என்று ஒரு சாதாரண விலை போனை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவின் ஆர்த்தோகிராஃபிக் அளவு (திரை உயரத்தில் பாதி) 5 என்றால் திரையின் உயரம் 10 யூனிட், ஒரு யூனிட்டுக்கு 72 பிக்சல். நெத்திலி ஸ்பிரைட் 0.8 யூனிட் நீளம், 0.2 யூனிட் உயரம் என்று வைப்போம். திரையில் அது 5.4 மில்லிமீட்டர் நீளம், 1.4 மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரம். ஆண்ட்ராய்டு வழிகாட்டு நெறி தட்டும் பொருளுக்குக் கேட்கும் குறைந்த அளவு 48 டிபி (திரையின் பிக்சல் அடர்த்தியைச் சாராத அளவு), அதாவது 0.3 அங்குலம், 7.6 மில்லிமீட்டர். அதுவும் அசையாமல் நிற்கும் பட்டனுக்கு. ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத உயரத்தில் ஓடும் ஒன்றை விரலால் தட்டச் சொல்வது விளையாடுகிறவருக்குச் செய்யும் அநியாயம். மவுஸின் முனை ஒரு பிக்சல், அதனால் எடிட்டரில் இது தெரியவில்லை.

இனி நேரம். என்ஜின் ஒரு ஃபிரேமை வரைந்து அது திரையில் ஒளிர்வதற்கும், விரல் பட்டது பேனலில் உணரப்பட்டு உங்கள் அப்டேட்டுக்கு வந்து சேர்வதற்கும் நேரம் ஆகிறது. இரண்டும் சேர்ந்து போன்களில் 50 முதல் 100 மில்லிவிநாடி வரை இருப்பது சாதாரணம். 80 என்று வைப்போம். 6 யூனிட் வேகத்தில் 80 மில்லிவிநாடியில் மீன் 0.48 யூனிட் போய்விடும். நெத்திலியின் பாதி நீளம் 0.4 யூனிட். அதாவது விளையாடுகிறவர் அதன் நட்டநடு வயிற்றில் தட்டினாலும், உங்கள் கோடு பார்க்கும் கணத்தில் அதன் வாலே அந்தப் புள்ளியைத் தாண்டி 0.08 யூனிட் போய்விட்டிருக்கும். அவர் தட்டியது சரி. நீங்கள் கேட்ட கேள்விதான் தவறு: ‘இந்தப் புள்ளியில் இப்போது மீன் இருக்கிறதா?’ என்று கேட்கிறீர்கள். ‘கொஞ்சம் முன்னால் இருந்ததா?’ என்று கேட்க வேண்டும். 2.4 யூனிட் நீள வஞ்சிரத்துக்குப் பாதி நீளம் 1.2. அதே 0.48 நகர்ந்தாலும் புள்ளி உடம்புக்குள்ளேயே இருக்கும், அதனால் சிக்குகிறது.

உங்கள் போனில் இந்தத் தாமதம் எவ்வளவு என்று அளந்துவிடலாம். தொட்டதும் திரை முழுதும் வெள்ளையாகும்படி ஒரு சின்ன பில்டு போடுங்கள். இன்னொரு போனின் ஸ்லோமோஷனில், விநாடிக்கு 240 ஃபிரேமில், விரல் படுவதையும் திரை வெளுப்பதையும் பதிவு செய்து இடையிலுள்ள ஃபிரேம்களை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் 4.2 மில்லிவிநாடி. 20 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 83. பத்து முறை செய்து நடு மதிப்பை எடுங்கள்.

அளப்பதற்கு முன்னால் ஒன்றைச் சரிசெய்யுங்கள். யூனிட்டியில் டார்கெட் ஃபிரேம் ரேட்டைத் தொடாமல் விட்டால் போனில் 30தான் கிடைக்கும், ஒரு ஃபிரேம் 33 மில்லிவிநாடி. 60 ஆக்கினால் அது 16.7 ஆகும். தாமதம் பல ஃபிரேம்களால் ஆனது, எனவே இந்த ஒரு வரி பல கொலைடர் வித்தைகளைவிட அதிகம் தரும்.

தீர்வு

தட்டைச் சோதிக்க ஃபிசிக்ஸ் என்ஜினையே விட்டுவிடுங்கள் என்பது என் பரிந்துரை. திரையில் ஒரே நேரத்தில் முப்பது மீன் இருந்தாலும் முப்பது தூரக் கணக்கு எந்தப் போனுக்கும் பாரமில்லை. மேலே சொன்ன சிங்க், இன்டர்போலேஷன், ஃபிளிப் தொல்லைகளும் ஒரேயடியாக ஒழிகின்றன.

ஒவ்வொரு மீனும் தன் கடைசி எட்டு ஃபிரேம்களின் திரை இடத்தையும் நேரத்தையும் ஒரு வளைய அடுக்கில் (பழையதன் இடத்தில் புதியதை எழுதும் பட்டியலில்) வைத்துக்கொள்ளட்டும். 60 ஃபிரேமில் எட்டுப் புள்ளிகளுக்கு நடுவே ஏழு இடைவெளி, ஏறத்தாழ 117 மில்லிவிநாடி, போதும். உலக இடத்தை அல்ல, திரை இடத்தை வையுங்கள். படகு ஆடுவது போலக் கேமராவை அசைத்தாலும் கணக்குக் கெடாது. தட்டு வந்ததும், அளந்த தாமதத்துக்கு முன் மீன் இருந்த இடத்திலிருந்து இப்போது இருக்கும் இடம் வரை ஒரு கோட்டுத்துண்டு என்று எண்ணி, தட்டுப் புள்ளிக்கும் அந்தத் துண்டுக்கும் உள்ள குறைந்த தூரத்தைக் காணுங்கள். புள்ளியைத் துண்டின்மீது வீழ்த்தி, கிடைக்கும் விகிதத்தை 0க்கும் 1க்கும் இடையே அடைத்தால் அந்த இடம் கிடைத்துவிடும். சுழன்று வளைந்து ஓடும் மீனுக்கு ஒரே துண்டு போதாது, எட்டுப் புள்ளிகளையும் இணைக்கும் ஏழு துண்டுகளையும் பாருங்கள்.

அந்தத் தூரம் ஒரு குறிப்பிட்ட ஆரத்துக்குள் இருந்தால் மீன் சிக்கியது. அந்த ஆரம் இரண்டு எண்ணில் பெரியது: மீன் உடம்பின் பாதி உயரம், அல்லது 24 டிபி. டிபியைப் பிக்சலாக்க டிபிஐயால் பெருக்கி 160ஆல் வகுக்கவும். நம் போனில் 24 டிபி என்பது 40 பிக்சல், அதாவது 0.56 யூனிட். வஞ்சிரம் போன்ற நீள மீனுக்கு, உடம்பின் நீளத்துக்கு ஏற்பத் துண்டைத் தலைப்பக்கமும் வால்பக்கமும் நீட்டிக்கொள்ளுங்கள்.

பல மீன் வரம்புக்குள் வந்தால் கிட்டத்தில் உள்ள ஒன்றை மட்டும் எடுங்கள். பக்கத்து மீன் சிக்கும் புகார் இதனால் தீர்கிறது. கொலைடரைப் பெரிதாக்கி ஓவர்லேப் கேட்டால் கிட்டத்தில் உள்ளதே வரும் என்ற உறுதி இல்லை, தூரத்தை ஒப்பிட்டால் குறிவைத்ததே வரும்.

இரண்டு இடத்தில் தடுக்கும். மீனை அழிக்காமல் பூலில் திரும்பப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், வலது ஓரத்தில் மறைந்த மீன் இடது ஓரத்தில் மறுபடி பிறக்கும்போது பழைய வரலாறும் கூடவே வரும். கோட்டுத்துண்டு திரை முழுக்க நீண்டு, எங்கே தட்டினாலும் அந்த மீன் சிக்கும். பிறக்கும்போது எட்டு இடத்தையும் புதிய இடத்தால் நிரப்புங்கள். அதேபோல, சிக்கிய மீன் கூடைக்குப் பறக்கும் அந்த அரை விநாடி அனிமேஷனில் அது தட்டுகளை விழுங்கக் கூடாது. சிக்கிய கணமே அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எந்தப் போனில், எந்த நிலையில் சோதிப்பது

விலை கூடிய போனில் மட்டும் சோதித்து வெளியிட்டால் உங்கள் தெருப் பிள்ளைகளே விளையாட முடியாது. பர்மா பஜாரில் பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை வாங்கி வையுங்கள், டெம்பர்டு கிளாஸ் ஒட்டியே சோதியுங்கள். மே மாத வெயிலில் வண்ணாரப்பேட்டை மாடியில் இருபது நிமிடம் விளையாடினால் போன் சூடாகித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஃபிரேம் நேரம் நீளும், நீங்கள் குளிர்ந்த அறையில் அளந்த தாமதம் பொய்யாகும். தாமதத்தை நிலையான எண்ணாக எழுதாமல், அப்போதைய சராசரி ஃபிரேம் நேரத்தில் மூன்று மடங்கும் அதோடு 30 மில்லிவிநாடியும் என்று வைத்துத் தொடங்கி, அளவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். வியர்வையோ உப்புத்தண்ணீரோ பட்ட திரையில் தொடுதல் சிதறும், இல்லாத தொடுதல்கூடத் தோன்றும். தரமில்லாத சார்ஜர் குத்தியிருந்தாலும் அப்படியே, அதன் மின் இரைச்சல் பேனலைக் குழப்பும். இந்த நிலைகளில் வந்த தவறுகளைக் கோடின் தலையில் கட்டாதீர்கள், பதிவில் தனியாகக் குறியுங்கள்.

பதிவு என்றால், தப்பிய ஒவ்வொரு தட்டுக்கும் கிட்ட இருந்த மீனிலிருந்து தட்டுப் புள்ளிக்குள்ள தூரத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: மீன் ஓடும் திசையில் எவ்வளவு, அதற்குக் குறுக்கே எவ்வளவு. ஒவ்வொரு வகை மீனுக்கும் மூன்று வேகத்தில் நூறு நூறு தட்டு. தப்பியவை பெரும்பாலும் வாலுக்குப் பின்னால் குவிந்தால் தாமத எண்ணைக் கூட்டுங்கள். தலைக்கு முன்னால் குவிந்தால் விளையாடுகிறவர் முந்திக் குறிவைக்கிறார், துண்டை முன்பக்கம் கொஞ்சம் நீட்டுங்கள். எல்லாப் பக்கமும் சிதறினால் ஆரம் போதவில்லை. எல்லாம் ஒரே பக்கம், மீன் எந்தத் திசையில் போனாலும் திரையின் கீழ்ப்பக்கமே விழுந்தால், விரலின் சதை படும் இடம் கண் நினைக்கும் நகமுனைக்குக் கீழே இருப்பதால் வருவது அது. தட்டுப் புள்ளியைச் சில பிக்சல் மேலே தள்ளிச் சோதியுங்கள், எத்தனை பிக்சல் என்பதை அந்தப் பதிவின் சராசரியே சொல்லும்.